அக்கா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்

போடிநாயக்கனூருக்குப் போயிருக்கிறீர்களா? ஏலத்தை ஏலம் போடுகிற ஊர். மேலே இடுக்கி மலையில் விளைகிற காய், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி இங்கே வந்துதான் தரம் பிரிகிறது, விலை படிகிறது, வடக்கே போகிறது. சில தெருக்களில் நுழைந்தால் யார் வீட்டிலோ பாயசம் கொதிக்கிற மாதிரி இருக்கும். பாயசம் இல்லை, குடோன்.

அப்படி ஒரு குடோனில் போன மாதம் உட்கார்ந்திருந்தேன். நண்பருடையது. அவருக்கு 56 வயது. அப்பா காலத்திலிருந்து ஏலக்காய் வியாபாரம். ஒரு பக்கம் சல்லடை ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெடித்த காய் தனி, நிறம் வெளுத்த காய் தனி. கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் என்று என்ன வேகம்!

நண்பர் செல்போனை நீட்டினார்.

"அண்ணே, நீங்க நாலு இடம் போறவரு. இதுல எந்த ரூம்பு எடுக்கலாம், பாத்துச் சொல்லுங்க."

கப்பல். சிங்கப்பூரில் ஏறி, மூன்று ராத்திரி கடலில் சுற்றி, சிங்கப்பூரிலேயே இறக்கிவிடுகிற சொகுசுக் கப்பல். கல்யாணமாகி முப்பது வருஷமாகிறதாம். அதைக் கொண்டாட அவர், அவர் மனைவி, அவருடைய அக்கா, மூன்று பேரும் போகிறார்கள். அக்காவுக்கு 63 வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து, குடோன் கணக்கும் எழுதி, வீட்டையும் பார்த்துக்கொண்டவர்.

"பால்கனி ரூம்புண்ணே. மூணு பேரு தங்கலாம்னு போட்டிருக்கான். ரெண்டு பேருக்குக் கட்டிலு. மூணாவது ஆளுக்கு சோபா. ராத்திரி இழுத்துவிட்டா படுக்கை ஆயிரும்."

"சோபாவுல யாரு?"

"அக்காதான். அது எங்குட்டுன்னாலும் படுத்துக்கிரும்ணே. அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் மட்டும் இல்லை. எத்தனை வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்! நானே சொல்லியிருக்கிறேன். 'அட்ஜஸ்ட்' என்பது இங்கிலீஷ் வார்த்தை என்று யார் சொன்னது? அது எப்போதோ தமிழாகிவிட்டது. அதுவும் ஒரு விசித்திரமான தமிழ். அந்த வினைச்சொல்லுக்கு எழுவாயாக வருகிறவர் ஒருவர், அந்த வாக்கியத்தைப் பேசுகிறவர் வேறொருவர். 'நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்' என்று தானாகச் சொல்வதை விட, 'அவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க' என்று இன்னொருவர் சார்பில் வாக்குக் கொடுப்பதுதான் நம் வீடுகளில் அதிகம்.

'யாரோ கப்பல்ல போறாங்க, எந்தக் கட்டில்ல படுத்தா எனக்கென்ன சார்?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் கொடியசைத்து ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியதிலிருந்து, 'கப்பல்ல போவோமா?' என்பது நடுத்தர வர்க்கத்து வீடுகளில் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி சாதாரணப் பேச்சாகிவிட்டது. நாளைக்கு நீங்களும் போவீர்கள். போகாவிட்டாலும், உங்கள் வீட்டு ஹாலில் இன்றைக்கு ராத்திரி ஒரு அக்கா, ஒரு அம்மா, ஒரு அத்தை பாய் விரிக்கப் போகிறார்கள். விஷயம் அதுதான்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். அங்கே அறையை ஆளுக்கு இவ்வளவு என்றுதான் விற்பார்கள். அந்த விலை, ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போட்டது. மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கு விலை குறைவு. விளம்பரத்தில் இதைப் பெரிய சலுகை மாதிரி போடுவார்கள். எதற்காகக் குறைக்கிறான் என்று யாராவது கேட்டீர்களா? அவருக்குக் கொடுக்கிற பொருளும் குறைவு, அதனால்தான். முதல் இரண்டு பேருக்குத் தரையில் நிற்கிற கட்டில், தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் சின்ன மேஜை. மூன்றாவது ஆளுக்கு இரண்டில் ஒன்று. ஒன்று, பகலில் சோபாவாக இருந்து ராத்திரி நீட்டப்படுகிற படுக்கை. இல்லையென்றால், சுவரிலோ கூரையிலோ மடக்கி வைத்திருந்து, சாயங்காலம் ஊழியர் வந்து சாவி போட்டு இறக்கிவிடுகிற பரண் படுக்கை. அதில் ஏற ஓர் ஏணி. நம்ம ரயில் அப்பர் பெர்த்தின் சித்தப்பா பையன்.

படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரப் படத்தில் பெரும்பாலும் அந்தப் பரண் மடக்கியே இருக்கும், சோபா சோபாவாகவே இருக்கும். மூன்றாவது ஆள் படுத்த பிறகு அந்த அறை எப்படி இருக்கும் என்று படம் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. நானே சொல்கிறேன். ஜன்னல் இல்லாத உள்ளறை என்பது பல கப்பல்களில் ஏறக்குறைய 150 சதுர அடி. அதாவது பத்துக்குப் பதினைந்து. குளியலறை, அலமாரி, நடைபாதை எல்லாம் அதற்குள்ளே. பால்கனி அறை இன்னும் கொஞ்சம் பெரியது. அதிலும் சோபாவை இழுத்து நீட்டினால் நடக்க இடம் இருக்காது. பல அறைகளில் அது பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில்தான் வரும். அதாவது, ராத்திரி காற்று வாங்க வேண்டுமென்றால் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் அக்காவின் கால்மாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா பாத்ரூம் போக வேண்டுமென்றால் இவர்கள் கட்டிலைச் சுற்றி, இருட்டில், சுவரைத் தடவிக்கொண்டு.

இதையெல்லாம் கூட விடுங்கள். எனக்கு ரொம்ப உறுத்துவது வேறு. அந்த மூன்றாவது படுக்கை ராத்திரி மட்டும்தான் இருக்கும். பகலில் கிடையாது! காலையில் மடக்கிவிடுவார்கள். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் காலை நீட்ட வேண்டிய வயசு யாருக்கு? அக்காவுக்கு. அந்த நேரத்தில் படுக்கை இல்லாதவர் யார்? அக்கா. ராத்திரி எல்லோரும் எழுந்தால்தான் அவர் படுக்க முடியும், காலையில் அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் உட்கார முடியும். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறவரின் நிலைமை அச்சு அசலாக இதுதானே? டி.வி. அணைத்த பிறகு படுத்து, பால்காரர் மணி அடிப்பதற்கு முன் சுருட்டி வைக்கிறவர். ஏதோ ஒரு நாட்டில் கட்டிய கப்பலுக்கு நம் வீட்டு ஹால் எப்படித் தெரிந்தது?

நண்பரிடம் கேட்டேன். "அந்தச் சோபா நீட்டினா எத்தனை அடி?"

முழித்தார்.

ஏலக்காயை அவர் எப்படி வாங்குகிறார் தெரியுமா? சல்லடையில் போட்டு 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரித்து. எட்டுக்கு மேலே போனால் அது ராஜா. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் விலை ஏறி இறங்கும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது, ஒரு மணி காய் கீழே விழுந்தால் குனிந்து எடுத்த ஊர் இது. அப்படி மில்லிமீட்டர் பார்க்கிற மனிதர், அக்கா மூன்று ராத்திரி படுக்கப் போகிற படுக்கை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்கவே இல்லை. பால்கனி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறார். போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டுமாம்.

அவரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான விலை கப்பலுக்குக் கப்பல், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் உள்ளறை ஆளுக்கு நூறு ரூபாய், பால்கனி அறை ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பால்கனி அறையில் இரண்டு பேருக்கு 300. மூன்றாவது ஆளுக்கு எண்பது என்று குறைத்துக் கொடுத்தால் மொத்தம் 380. அதே மூன்று பேருக்கு இரண்டு உள்ளறை எடுத்தால்? ஒரு அறையில் இவர்கள் இரண்டு பேர், 200. இன்னொரு அறையில் அக்கா தனியாக. தனி ஆள் என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் காசையும் வாங்கிவிடுவார்கள் (இதுவும் ஒரு அநியாயம், தனியாக இருப்பதற்கு அபராதம்!). ஆக அதுவும் 200. மொத்தம் 400. துறைமுக வரி, டிப்ஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்பதால் அதில் பெரிய மாற்றம் வராது. 380-க்கும் 400-க்கும் நடுவில் இருக்கிற இருபது ரூபாய்தான் அக்காவின் கட்டில். விலை நம் கணக்கு மாதிரியே அமையும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில சமயம் வித்தியாசம் இன்னும் கூடலாம். ஆனால் இந்தக் கணக்கை ஒரு தடவை கூடப் போட்டுப் பார்க்காமல் 'மூணு பேரு, ஒரு ரூம்பு' என்று முடிவெடுத்துவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

"ஆனா பால்கனி இருக்காதேண்ணே?"

கடல் என்ன பால்கனியில் மட்டுமா இருக்கிறது? மேல்தளத்துக்குப் போனால் நாலு பக்கமும் அதுதான். காசு கேட்க மாட்டான்.

கப்பலில் மூன்றாவது ஆளை முழு ஆளாக எண்ணுகிற இடம் ஒன்று உண்டு. உயிர்காக்கும் படகு. 1912-ல் டைட்டானிக்கில் 2,200 பேர் போனார்கள், படகுகளில் இடம் 1,178 பேருக்குத்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1914-ல் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இன்றைக்குப் பயணிகள் கப்பலின் உயிர்காக்கும் படகில் ஆளுக்கு 75 கிலோ என்று கணக்கிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஓர் இருக்கை ஒதுக்குகிறார்கள். அதனால்தான் சில சமயம் மூன்று பேர் தங்கக்கூடிய அறை காலியாக இருந்தும் 'மூணு பேருக்குத் தர முடியாது, ரெண்டு பேருன்னா தர்றோம்' என்பார்கள். அந்தப் பகுதிப் படகில் இடம் நிரம்பியிருக்கும். கப்பல் மூழ்கும்போது அக்காவும் முழு மனுஷி. மிதக்கும்போதுதான் முக்கால்.

நாம் கப்பலுக்குப் புதுசும் இல்லை. ரஜூலா என்று ஒரு கப்பல் இருந்தது. 1926-ல் கட்டியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது, 1970-களின் தொடக்கம் வரை. காசில்லாதவர்கள் 'டெக் பாசஞ்சர்'. அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுதான் உன் ராஜ்யம். கஷ்டம்தான், நாற்றம்தான், வாந்திதான். ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே தரை. நம் தாத்தாக்கள் போன கப்பலில் இல்லாத ஒரு மேல் கீழை, இத்தனை காசு கொடுத்து நாம் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

கப்பல் ஏறுவதற்கு முன் ரயில் ஏற வேண்டுமே. போடிக்காரர்களுக்கு ரயில் என்றாலே தனிப் பாசம். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை போட்டு மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். நண்பரும் போடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய், அங்கிருந்து விமானம் ஏறுவதாகத்தான் திட்டம். ரயில்வேயில் ஒரு நல்ல விதி இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா. ஆனால் தனியாகப் போனால், அல்லது அந்த வயசுக்காரர்கள் இரண்டு பேராகப் போனால் மட்டும். ஒரே டிக்கெட்டில் மூன்றாவது பெயரைச் சேர்த்துவிட்டால் அந்தக் கோட்டா கிடையாது. காலி இருந்தால் கம்ப்யூட்டர் மனசு வைக்கும், அவ்வளவுதான். அக்காவுக்குத் தனி டிக்கெட் போட்டிருந்தால் கோட்டாவில் கேட்டிருக்கலாம். நண்பர் மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டு வைத்திருந்தார். ஒரு லோயர், ஒரு மிடில், ஒரு அப்பர். யாருக்கு எது என்று நான் கேட்கவில்லை. விமானத்தில் ஜன்னலோரம், நடைபாதையோரம், நடு சீட்டு. அதையும் கேட்கவில்லை.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஐம்பது வயசு இருக்கும். முன்பு தோட்ட வேலைக்குப் போனவர். விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து மலைக்கு ஜீப் கிளம்பும், பார்த்திருக்கிறீர்களா? தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள். எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆட்கள். அந்த அம்மாள் கொஞ்ச காலம் மேலேயே லயத்தில் இருந்தாராம். ஓர் அறை, ஓர் அடுப்படி. அவர், வீட்டுக்காரர், மாமியார்.

"எங்குட்டும்மா படுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அத்தை அடுப்பு ஓரமா. மழையில குளிரு கொல்லும்ல? கணகணப்பு அங்கனதான் இருக்கும். நானும் அவுகளும் வாசக்கதவு ஓரம், சிலுசிலுன்னு."

"யாரு முடிவு பண்ணுனது?"

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காயைப் பொறுக்கப் போய்விட்டார்.

லயத்து வாழ்க்கைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு கட்டித்தர வேண்டும் என்று சட்டம் வந்தது 1951-ல். அதற்கப்புறமும் மூன்று பெரிய மனுஷர்கள் ஓர் அறையில் கிடக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மண் சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனதே, அந்தக் கதையை இன்னொரு வாரம் பேச வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இடமே இல்லாத இடத்தில், இருப்பதில் நல்ல மூலை யாருக்கு என்று யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடம் இருக்கிற வீட்டில், காசு இருக்கிற வீட்டில் அந்த யோசனையே வரவில்லை.

'குடும்பம்னா அட்ஜஸ்ட் பண்ணித்தான் சார் ஆகணும்' என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். தபால் செலவு மிச்சம், நானே பதில் சொல்லிவிடுகிறேன். சரி. அட்ஜஸ்ட் பண்ணுவோம். மூன்று ராத்திரி. மூன்று பேர். ஆளுக்கு ஒரு ராத்திரி சோபா. கணக்கு எவ்வளவு கச்சிதமாக வருகிறது! முதல் நாள் தம்பி, இரண்டாம் நாள் தம்பி மனைவி, மூன்றாம் நாள் அக்கா. இதை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்கு முதுகு வலிண்ணே. டாக்டரு கட்டில்லதான் படுக்கச் சொல்லிருக்காரு." அக்காவுக்கு முட்டி வலி. அதற்கும் டாக்டர் இருக்கிறார். ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதனால், மூன்று பேருக்கு அறை தேடுகிறவர்களே, தயவுசெய்து மூன்றாவது படுக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டு கட்டிலும் எந்தக் கப்பலிலும் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. ஏஜென்டிடம் 'மூணு பேர் தங்கலாமா?' என்று கேட்காதீர்கள். 'தங்கலாம்' என்பான். நாலு பேர் என்றாலும் 'தங்கலாம்' என்பான். 'மூணாவது ஆளுக்குப் பரணா, சோபாவா? சோபான்னா எத்தனை அடி? நீட்டுன பிறகு பாத்ரூமுக்கு வழி இருக்கா? பகல்ல அதை விரிச்சே வைக்கச் சொல்லலாமா?' என்று கேளுங்கள். தெரியாது என்றால் கப்பல் கம்பெனிக்கே எழுதிக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஏணி ஏறுவதென்றால் மூன்று பேரில் முட்டி நன்றாக இருக்கிறவர் ஏறட்டும். அது வீட்டுத் தலைவராக இருந்தால் ஏறும்போது வேட்டியைக் கொஞ்சம் மடித்துக் கட்டிக்கொள்ளட்டும். வயசானவர்கள் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு. உயரத்தில், மூக்கு நுனியில் இருக்கிற அறை படத்துக்குத்தான் அழகு. இரண்டு சின்ன அறைகளுக்கு நடுவில் ஒரு கதவு வைத்த ஜோடி அறைகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மூன்றாவது ஆளையே ஒரு வார்த்தை கேளுங்கள்.

நண்பர் கேட்கவில்லை என்பது மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

அதற்கு முன், வழியில், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஊரில் இருக்கிற பூர்வீக வீடும் மாந்தோப்பும் முழுக்க அவர் பேரில் இருக்கிறது. அப்பா போன பிறகு அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாராம். "ஒரு வார்த்தை கேக்கலண்ணே. நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுச்சு. தங்கம்ணே எங்க அக்கா." பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, இந்தியா முழுமைக்கும் 2005-ல். சட்டம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு நம் பத்திர ஆபீசில் ஒரு தாள் இருக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! கையெழுத்துப் போட்டவருக்கு எதிலிருந்து விடுதலை என்று மட்டும் அதில் இருக்காது. நண்பர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்தான். கப்பலுக்கு அக்காவை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை. அப்படிப்பட்டவருக்கே இது தோன்றவில்லை என்பதுதான் என் பிரச்னை.

சாப்பாடு. அக்கா உட்காரவில்லை, நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். மோர் ஊற்றும்போது கேட்டேன்.

"அக்கா, கப்பல்ல உங்களுக்கு எப்படி ரூம் வேணும்?"

"எனக்கென்ன தம்பி, எங்குட்டாச்சும்..." என்று ஆரம்பித்தார். வழக்கமான பதில். நான் மோரைக் குடிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தம்பியைப் பார்த்தார், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"உள்ளுக்குள்ள தாப்பா போடுறாப்புல இருக்குமா?"

யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று தம்பி கல்யாணம் ஆனதிலிருந்து அவர்களுக்கு. இன்னொன்று பையனுக்கு. பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. அந்த அறையில் இப்போது அவனுடைய பழைய சைக்கிளும், கம்ப்யூட்டர் மேஜையும், நாலு மூட்டை ஏலக்காயும் இருக்கின்றன. அக்கா ஹாலில் படுக்கிறார். முப்பது வருஷமாக.

நண்பர் போனை எடுத்து எதையோ தேடினார். கணக்குப் போட்டார். அவர் மனைவிதான் முதலில் சொன்னார். "ரெண்டு ரூம்பாவே எடுங்க. பால்கனி வேணாம்."

"இருக்கும்க்கா" என்றேன். "ஆனா தாப்பாள் மாதிரி இருக்காது. ஒரு கார்டு குடுப்பாங்க. அதைக் காட்டினாத்தான் கதவு திறக்கும். உள்ள போய் சாத்திட்டா வெளியிலேர்ந்து யாரும் திறக்க முடியாது."

அக்கா மோர்ப் பாத்திரத்தை மறுபடி எடுத்தார்.

"அந்தக் கார்டு யாருகிட்ட இருக்கும் தம்பி?" என்று கேட்டார்.